ஷேர் ஆட்டோவில் வளர்ந்த நாவல்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்குத் தெரிந்த ஒரே மந்திரவாதி என் அக்காதான். பிளஸ் டூ படித்துக்கொண்டே நாவல் எழுதினாள். மாணவர்களுக்கான போட்டி. முதல் மூன்று அத்தியாயமும் கதைச் சுருக்கமும் அனுப்ப வேண்டும். சுருக்கத்தில் முடிவைச் சொல்லியாக வேண்டும். முடிவைத் தவிர மற்றதெல்லாம் அவளிடம் இருந்தது.

இரண்டு பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒருநாள் பையோடு பஸ் ஏறிப் போய்விடுகிற ஓர் அம்மாவின் கதை. இப்படியெல்லாம்கூட ஒருத்திக்குத் தோன்றுமா என்று வாயைப் பிளந்தேன். எங்கள் அம்மா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. லீவு கிடைத்ததும் வந்துவிடுவாள் என்று அப்பா சொல்லியிருந்தார்.

விளாங்குடியிலிருந்து கோரிப்பாளையத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோவில் போவோம். அதற்குள் வைத்துத்தான் அக்கா கதையை வளர்த்தாள். பக்கத்தில் இருப்பவர்களிடம் எங்கள் வீட்டில் நடந்தது போலவே சொல்வாள். தலையைக் குனிந்து பாவமாக உட்கார்ந்திருப்பது என் வேலை. சிரித்தால் தொடையில் கிள்ளு விழும். கடைசியில், "வருவாங்களாக்கா?" என்று கேட்பாள். வருகிற பதிலை நோட்டில் குறித்துக்கொள்வாள்.

அடேயப்பா, அந்த ஆட்டோ பட்ட பாடு! "ஆத்தி, ரெண்டு பொட்டப்புள்ளைகள விட்டுட்டா போனா?" என்று ஒருத்தர் மூக்கைச் சிந்துவார். "பெத்த வயிறு எம்புட்டு நாளு தாங்கும்? வந்துருவா தாயி" என்பார் இன்னொருத்தர். செல்லூர் சிக்னலில் பச்சை விழுந்தும் டிரைவர் அண்ணன் திரும்பி உட்கார்ந்து, "வீட்ல எதும் சண்டையாப்பா?" என்று விசாரித்தார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. இல்லாத ஒரு பொம்பளைக்காக டிராபிக்கையே நிறுத்திவிட்டாளே! பெருமையில் சிரித்து, கிள்ளும் வாங்கினேன்.

அனுப்புவதற்கு முதல் நாள், கீரைக்கூடையோடு ஓர் அம்மா ஏறினார். முழுக்கதையையும் கேட்டார். அழவில்லை, திட்டவும் இல்லை.

"வரமாட்டா கண்ணு. நானும் அப்பிடிப் போனவதான். மொத வருசம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, எங்கூரு பஸ்ஸப் பாத்துட்டுத் திரும்பிருவேன். ஏறுனதில்ல. தங்கச்சிய நல்லாப் பாத்துக்க" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இதைவிட நல்ல முடிவு யாருக்குக் கிடைக்கும்? அக்காவோ நோட்டைத் திறக்கவே இல்லை. "இங்கயே நிறுத்துங்கண்ணே" என்று தத்தனேரியிலேயே இறங்கி, மீதித் தூரத்துக்கு என்னை நடத்தியே கூட்டிப் போனாள்.

சாயங்காலம் அவள் எழுதிய சுருக்கத்தைப் படித்தேன். அம்மா தீபாவளிக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். எனக்கு வந்ததே கோபம்!

"போக்கா, கீரைக்காரம்மா சொன்னதுதான் சூப்பரு. கதைல அந்த அம்மா வராமயே போகட்டும்" என்றேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா கடைசி வரியை அடித்துவிட்டு, நான் சொன்னபடியே எழுதினாள். எழுத எழுதத் தாளெல்லாம் நனைந்தது.

சொந்தமாகக் கட்டிய கதைக்கே இப்படி அழுகிறாளே, எப்பேர்ப்பட்ட எழுத்தாளர் என் அக்கா என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.