கொழும்புக்குப் போன பூ

தி.நகரில் சேலைப் பைகளோடு அந்தக் கொழும்புக்கார அம்மா என் ஆட்டோவில் ஏறினார். வெள்ளை முடி, நெற்றி நிறையத் திருநீறு. வழியில் கோயில், சர்ச், தர்கா எது வந்தாலும் கண்ணை மூடிக் கும்பிட்டார். என் அண்ணன் செத்த மறுநாள் அது. வீட்டில் உட்கார முடியாமல் வண்டியை எடுத்திருந்தேன். எனக்கு அழுகையே வரவில்லை.

சாந்தோமில் எங்கள் தெருமுனையில் தண்ணி லாரி மறித்து நின்றது. ரோடெல்லாம் நசுங்கிய பூ. அவர் குனிந்து, நசுங்காத ஒரு சாமந்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்கட கொழும்பில வேல் விழாவுக்குத்தான் இப்பிடிப் பூக் கொட்டிக் கிடக்கும். இது எந்தச் சாமி போனது, தம்பி?"

"சாமி இல்லம்மா, எங்கண்ணன். நேத்து இப்டிதான் தூக்கினு போனோம். சாவுப் பூ அது, கீழ போட்டுடும்மா."

அவர் கை அப்படியே நின்றது.

"கும்பிட்டுட்டன் தம்பி. இனிப் போட ஏலாது."

பூவைக் கைப்பையில் பாஸ்போர்ட்டோடு வைத்து மூடினார்.

மறுநாள் காலை ஊருக்கு ஃபிளைட் என்று முன்பே சொல்லியிருந்தார். அண்ணன் தினமும் கடலைப் பார்த்தவன், ஒரு நாளும் தாண்டினதில்லை. அந்தப் பூவை அங்கே எங்கே வைத்திருப்பார்? சாமி படத்துக்கிட்டேயா?