கேணலுக்குக் கீழே ஒரு கட்டில்

இத்தாலியில், பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் வயதான வீட்டுக்கார அம்மா, சின்யோரா, இங்கிலாந்துப் பிரபு வம்சம். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய படத்தில் அவருடைய பூட்டனார் சிவப்புக் கோட்டும் வாளுமாக நிற்கிறார். அவருடைய பட்டாள வாழ்க்கை எனக்கு மனப்பாடம். வருகிற விருந்தாளிக்கெல்லாம் சின்யோரா அதைச் சொல்வார், கோப்பி கொண்டுபோகிற நானும் கேட்டாக வேண்டும். மூத்த மகனுக்கு நிலம், இளையவருக்குப் பட்டாளம். கப்டன் பதவியைத் தகப்பன் விலைக்கு வாங்கிக் கொடுத்தார். கிரிமியாப் போருக்குச் சொந்தச் சமையற்காரனோடு போனார். பிறகு இந்தியாவில் கலகம் அடக்கினார். கேணலாகி, நரி வேட்டையில் குதிரையால் விழுந்து தோளை முறித்து, வெயில் காய இந்த ஊருக்கு வந்து இங்கேயே கல்யாணம் கட்டினார். போரில் ஒரு கீறல்கூட இல்லை. கொடுத்துவைத்த மனுசன்.

எனக்கு அவரைப் பிடிக்காது. உடுப்புத்தான் காரணம். மன்னாரில் பட்டாள உடுப்புக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்தில் வளர்ந்தவள் நான். அடையாள அட்டை இல்லாமல் கிணற்றடிக்கும் போனதில்லை. இங்கேயும் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் அவருக்குத் தூசி தட்டுவேன்.

போன மாசியில் சின்யோராவின் மகள், இனி இரவிலும் தங்க வேண்டும், கூடத்தில் கட்டில் போடுகிறேன், முடியாதென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்றாள். வேலை போனால் பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது, நாட்டில் இருக்கவும் முடியாது. கணவரிடம் சொன்னேன்.

"படம்தானே, எழும்பி வரப்போகுதே? ஓமெண்டு சொல்லும்," என்றார்.

சொன்னேன். முதல் நாள் மத்தியானம் அந்தக் கட்டிலில் சாய்ந்தேன். புரண்டேன், எழும்பித் தண்ணீர் குடித்தேன், துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டேன், திரும்பவும் புரண்டேன். எப்படியோ கண் அயர்ந்துவிட்டது. சின்யோரா பொல்லை ஊன்றி வந்த சத்தம் பட்டாளச் சப்பாத்துச் சத்தமாகக் காதில் விழ, துள்ளி எழுந்து பெர்மெசோ அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இஞ்சை நான் மட்டும்தான் ஐயா. வேற ஒருத்தரும் இல்லை."

தமிழ் அவருக்கு எங்கே விளங்கும்? மன்னாரில் பட்டாளம் வீடு வீடாகச் சோதிக்க வந்ததை இத்தாலியனில் சொன்னேன். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். தன் பூட்டனாரும் இந்தியாவில் இப்படி வீடு வீடாகப் போயிருப்பாரா என்று மெல்லக் கேட்டார். கலகத்தை வேறு எப்படி அடக்குவார்கள் என்றேன். என் வாய் சும்மா இருக்காது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பின்னேரம் மகளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். படத்தைக் கழற்றப் போகிறார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை. கட்டிலைத்தான் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் போட்டார்கள். கேணல் அங்கேயேதான் நிற்கிறார். இடம்பெயர்ந்தவள் நான். அது எனக்குப் பழகிய விஷயம்தானே.