வெறும் சுவர்

அந்த ஊர்க் கோயிலைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளில் அவருக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் உண்டு: எக்ஸ்பிரஸ். ஆயிரம் வருஷத்துக் கோயிலை நாற்பது நிமிஷத்தில் முடித்துக்கொடுத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அதே பாட்டுதான். எந்தத் தூணருகே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே ஜோக் அடித்தால் கூட்டம் சிரிக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. பின்சுவருக்கு மட்டும் யாரையும் கூட்டிப் போகமாட்டார். அந்தப் பக்கம் வெயில், முள், போய்வரப் பத்து நிமிஷம் தண்டம்.

அன்று வந்தவர் கண் தெரியாத ஓர் அம்மா. கூட வந்த தங்கை மகள் கால் சுளுக்கென்று வேனிலேயே உட்கார்ந்துவிட்டதால், எக்ஸ்பிரஸே அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். எல்லாம் முடிந்ததும் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, பின்சுவர்ல யானைக் கூட்டம் இருக்காமே? அதுல ஒரு குட்டியாம். எங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல வந்து பார்த்தாராம். அதைச் சொல்லாத நாளே கிடையாது. போன வருஷம் போயிட்டார்."

வாசலில் அடுத்த பஸ் ஹாரன் அடித்தது. எக்ஸ்பிரஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அப்படி எதுவும் இல்லீங்கம்மா. அது வெறும் சுவர்."

அம்மா சிரித்தார். "கண்ணு தெரியாதவதானேன்னு கதை விட்டிருக்கார், பாருங்க! இன்னும் என்னென்ன கதை விட்டாரோ."

எக்ஸ்பிரஸ் அவரை வேனில் ஏற்றிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு முதல் ஜோக்கைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அவரோ வேன் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன மனுஷனைப் பத்து நிமிஷத்துக்காகப் பொய்யனாக்கிவிட்டோமே! கூட்டத்தை அம்போ என்று விட்டுவிட்டு ஓடினார். வேன் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் தட்டினார்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. குட்டி இருக்கு. அவசரத்துல பொய் சொல்லிட்டேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? தும்பிக்கையால அது எதைப் பிடிச்சிருக்கு, சொல்லுங்க?"

எக்ஸ்பிரஸ் திருதிருவென்று விழித்தார். குட்டி இருப்பது தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

"தாயோட வாலைங்கம்மா."

மலர்ந்த முகம் வாடிவிட்டது. "அவர் வாலுன்னு சொல்லலையே."

"வாங்கம்மா, தொட்டே பாருங்க!"

"வேணாம் தம்பி. வெறும் சுவரைத் தொட்டுப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. என் மனசு நோகக் கூடாதுன்னு ஓடி வந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்."

"வண்டியை எடுங்க டிரைவர்" என்றாள் தங்கை மகள்.

எக்ஸ்பிரஸ் முள்ளை மிதித்துக்கொண்டு பின்சுவருக்குப் போனார். தாய் யானையின் காலடியில், அவர் முழங்கால் உயரத்தில், குட்டி இருந்தது. தன் முன்னங்காலைத் தானே தும்பிக்கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விழப்போகிற மாதிரி நின்றிருந்தது. சிரிப்பு வரவைக்கிற குட்டிதான். அந்த அம்மாவின் பெயரையோ ஊரையோ அவர் கேட்டு வைத்திருக்கவில்லை.