சாமிக்குப் பற்றவைத்த சுருட்டு

என் மாமனாருக்கு மூச்சிளைப்பு வந்து, புகையிலைப் பக்கமே போகக் கூடாது என்று விருதுநகர் டாக்டர் சொல்லிவிட்ட வருஷம், கருப்பசாமிக்குச் சுருட்டுப் பற்றவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை. பீடி, சிகரெட் எதையும் வாயில் வைத்துப் பழக்கமில்லை.

முறைப்படி அவர் மகன், என் மச்சான்தான் செய்திருக்க வேண்டும். அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். “தீப்பெட்டியத் தொட்டாலே கை நடுங்குது மாப்பிள்ளை” என்று சொல்லித் தப்பித்துவிட்டார்.

குலசாமி இருப்பது அச்சங்குளத்துக்கு வெளியே, கருவேல மரங்களுக்கு நடுவில். சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் வேனில் போய் இறங்கினோம். பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, கடைசியில் எரிகிற சுருட்டைச் சாமி முன்னால் வைக்க வேண்டும். நெருப்பு ஒரே வட்டமாக இறங்கினால் சாமி மனம் குளிர்ந்துவிட்டது. ஒரு பக்கமாக ஓடிக் கோணினால் ஏதோ குறை. மாமனார் வைத்த சுருட்டு ஒரு தடவைகூடக் கோணியதில்லை என்று சொந்தபந்தம் எல்லாம் பேசும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் கை தானாக மீசைக்குப் போகும்.

நான் சுருட்டை வாயில் வைத்து, தீக்குச்சியைக் காட்டி, பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். இருமலில் கண் பிதுங்கிவிட்டது. சுருட்டு மேல்பக்கம் மட்டும் பற்றி, கீழ்ப்பக்கம் பச்சையாக அப்படியே இருந்தது. இரண்டாவது சுருட்டும் அதே கதி. காரமும் கசப்புமாகத் தொண்டை எரிந்தது.

பூசாரி முகம் சுருங்கியது. “சாமி குறைப்படுதுய்யா. யாரு என்ன தப்புப் பண்ணுனீக? சொல்லிருங்க.”

மச்சான் மெல்ல, “கெடா வெட்டுறேன்னு நேந்துட்டு, சேவலோட வந்துட்டேன்” என்றார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, “படைக்கிறதுக்கு முன்னாடி பொங்கல்ல ஒரு வாய் தின்னுட்டேன், வெல்லம் பத்துமான்னு பாக்க” என்றாள். இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மூன்றாவது சுருட்டைப் பற்றவைத்தேன். அதுவும் கோணியது.

அப்போதுதான் பொங்கல் அடுப்புப் பக்கம் இருந்து என் மாமியார் எழுந்து வந்தார். அதுவரை அவர் என் எதிரில் நின்றதே இல்லை. காப்பி கொடுப்பதென்றாலும் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் கொடுத்தனுப்புவார். அன்றைக்கும் என்னைப் பார்க்காமல் மகளிடம் கையை நீட்டினார்.

“அந்தச் சுருட்ட வாங்குத்தா. சாமி மேல எதுக்குப் பழி போடுறீக?”

புதுச் சுருட்டு ஒன்றை எடுத்து, அடுப்பிலிருந்து இழுத்த கங்குக்கு மேலே, படாமல் பிடித்தார். உடனே வாயில் வைக்கவில்லை. நுனி முழுக்கக் கருகுகிற வரை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மகளிடம் சொன்னார்: “மாப்பிள்ளைய அங்கிட்டுத் திரும்பிக்கிடச் சொல்லு.”

திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் பப், பப் என்று நிதானமான சத்தம். இருமல் இல்லை. நான் திரும்பியபோது சுருட்டின் முனையில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி முழு வட்டமாக நெருப்பு.

மச்சான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். “ஏம்மா, நீ எப்பப் பழகுன?”

“கல்யாணம் ஆனதுல இருந்து உங்கப்பாவுக்கு நான்தான்லே அடுப்புல பத்த வச்சுக் குடுக்கேன். இங்கனயும் அப்படித்தான். பானைக்குப் பின்னால உக்காந்து பத்த வச்சுக் குடுப்பேன், அவுக கொண்டுபோயி வைப்பாக.”

எல்லாரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் சாமிக்குப் பக்கத்தில் நின்ற வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மாமனாருக்கே அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து மூச்சு இளைக்க, மாமியார் ஓடிப்போய் முதுகைத் தடவிவிட்டார். “சிரிக்காதீக, சிரிக்காதீக” என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார்.

சுருட்டு அடி வரை எரிந்தது. சாம்பல்கூட உதிராமல் நின்றது.

அடுத்த வருஷத்திலிருந்து மாமியார்தான் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பற்றவைத்தார். காற்று அடிக்காமல் மாமனார் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். சேவலைப் பிடித்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். முதல் தடவையே அதைத் தப்பவிட்டு, கருவேல முள்ளுக்குள் சாயங்காலம் வரை எல்லாரையும் அலையவைத்தேன்.