நான்கு விரற்கடை குறைந்த கம்பி

நாகமலை புதுக்கோட்டையில் நான் குடியிருக்கும் அறையில், நாட்காட்டி மாட்டிய ஆணியிலேயே ஒரு கம்பிச் சுருளும் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள், அதிகம் பேர் வருவதில்லை, துணி உலர்த்தக் கொடி கட்டுவதற்கென்று நினைத்துக்கொள்கிறார்கள். கீழ்ச்சுரங்கள் வாசிக்கும் பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளில் மிகத் தடித்தது அது. நான்கு விரற்கடை குட்டை. எதற்கும் உதவாது.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மதுரையில் மகளிர் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தபோது ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்தேன். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் அந்தத் தலை தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டது. அங்கே யாரும் என்னை விரட்டவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் விடவும் இல்லை. நானாகப் போய்க் கேட்பவளும் இல்லை.

கல்லூரி மெல்லிசைக் குழுவில் பாடுவதற்குப் பெரிய போட்டி இருந்தது. பழைய மாணவி ஒருவர் விட்டுச் சென்ற பேஸ் கிட்டார் மட்டும் அலமாரிக்குள் கிடந்தது. அதை வாசிப்பவளை யாரும் பார்ப்பதில்லை என்று ஒருத்தியும் தொடவில்லை. எனக்கு அதுவே வசதியாகப் பட்டது. இசை ஆசிரியை சுரங்களை எழுதிக் கொடுத்தார். மாலைகளில் விரல் நுனி காய்த்துப்போகும்வரை பழகினேன்.

எனக்கு இடதுபக்கம் உட்கார்ந்து பாங்கோ என்கிற இரட்டைக் கொட்டு வாசித்தவர் மூன்றாமாண்டு அக்கா. கோச்சடையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகிறவர். வயல் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “ஏய் கொட்டாம்பட்டி” என்பார். வேறு யார் சொன்னாலும் சுருக்கென்று தைக்கிற சொல், அவர் வாயில் செல்லப்பெயர் போல இருந்தது. தாளமும் பேஸும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதால் வாசிக்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் கல்லூரியில் என் முகத்தை அப்படிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் காலைப் பயிற்சியில் தடித்த தந்தி அறுந்தது. வேறு கிடைத்தால் வாசிக்கலாம், இல்லையென்றால் இந்த வருடம் பேஸ் இல்லாமலே சமாளித்துக்கொள்வோம் என்று ஆசிரியை சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் சாப்பாட்டுக்கூடத்துத் தட்டுக்கே திரும்பிப் போ என்று சொன்னதுபோல எனக்குக் கேட்டது.

அன்று மாலை அக்காவும் நானும் மாசி வீதிகளைச் சுற்றினோம். ஆர்மோனியக் கடையில் கையை விரித்தார்கள். மிருதங்கக் கடையில் வீணைத் தந்தியை எடுத்து நீட்டினார்கள்; அது மெலிசு. அடுத்திருந்த சைக்கிள் கடைக்காரர், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “என்ன தாயி, இம்புட்டுத் தடியாக் கேக்குறீங்க, கெணத்துல வாளி எறக்கவா?” என்று பிரேக் கம்பியை எடுத்து ஆட்டிக் காட்டினார். அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில், பேண்டு வாத்தியங்களை வாடகைக்கு விடும் கடையொன்றில் பழைய தந்தி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் துருப்பிடித்துப் போயிருந்தது. அளவு சொன்னால் துருவை வெட்டிக் கொடுப்பதாகக் கடைக்காரர் சொன்னார். நான் பெருமையோடு பையிலிருந்து நூலை எடுத்தேன். ஆய்வகத்தில் சுரமானிக் கம்பியை எப்படி அளப்போமோ அப்படி, அதிரும் பகுதியின் இரு முனைகளுக்கு இடையே அளந்து வெட்டிய நூல்.

“ஒரு சாண் கூட விட்டு வெட்டச் சொல்லுடி” என்றார் அக்கா.

“அதிர்ற நீளம் இம்புட்டுத்தான்க்கா. பிசிக்ஸ் படிக்கிறது நானா நீங்களா?”

“அம்மா தாயே, நீயே படி.”

கடைக்காரர் இரக்கப்பட்டுக் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டியிருக்கிறார். ஆனாலும் அறைக்கு வந்து பூட்டிப் பார்த்தபோது, தந்தி கிட்டாரின் கழுத்தைத் தாண்டி, முறுக்கும் திருகுக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. நுனியைப் பிடித்து இழுத்தபடி உட்கார்ந்திருந்தேன், இழுத்தால் வளர்ந்துவிடும் என்பதுபோல. நான் சொன்னேனே என்று அக்கா சொல்லவில்லை. “யாருகிட்டயும் வாயத் தெறக்காத. மூணு கம்பியில வாசி, நான் பாத்துக்கிறேன்” என்றார்.

மறுநாள் விழாவின் கடைசிப் பாட்டில் ஓரிடம் உண்டு. சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். தடித்த தந்தியிலிருந்து அடிச்சுரம் ஒன்று மட்டும் தனியாக விழும். அதன்மேல் பாங்கோ வந்து ஏறிக்கொள்ளும். அந்த ஒரு சுரத்துக்காகத்தான் எனக்கு அந்தக் கிட்டாரே பிடித்துப்போனது. அன்று அதை வேறு தந்தியில், மேல் ஸ்தாயியில் வாசித்தேன். கைதட்டலில் குறையில்லை. நன்றாக வாசித்தாய் என்று ஆசிரியையே சொன்னார். பிழைத்துவிட்டேன் என்று மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் இல்லாத ஒன்றை இல்லை என்று யாருமே உணரவில்லை என்பது நெஞ்சுக்குள் கனத்தது.

அந்த இடத்தில் அக்காவின் கை மட்டும், தட்டுவதற்கு ஓங்கியபடி, ஒரு கணம் அந்தரத்தில் நின்றதைப் பார்த்திருந்தேன். வாத்தியங்களை உறையில் போடும்போது சொன்னார்:

“அந்த எடத்துல வயித்துக்குள்ள ஒண்ணு வந்து விழும்ல. இன்னைக்கு விழல.”

“வேற யாருக்கும் தெரியலக்கா.”

“எனக்குத் தெரிஞ்சுச்சு. போதாதாடி?”

போதும் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. கிட்டாரை உறைக்குள் செருகி மூடினேன்.

பிறகு விஷயம் ஆசிரியைக்குத் தெரிந்தது. மூன்று தந்தியிலேயே நன்றாக இருந்ததே, நான்காவது எதற்கு என்று முடித்துவிட்டார். அக்கா தன் கடைசித் தேர்வு முடிந்த அன்று, விடுமுறையில் திருச்சியில் தந்தி விசாரிப்போம் என்றார். “வாரேன்டி கொட்டாம்பட்டி” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவர் வரவில்லை. திருமணமாகி வடக்கே எங்கோ போய்விட்டார் என்று பின்னால் காதில் விழுந்தது. மிச்சமிருந்த காலமெல்லாம் மூன்று தந்தியில் வாசித்தேன். புதிதாகப் பாங்கோ வாசிக்க வந்தவள் பாடுகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நானே பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரியில் மின்னணு கீபோர்டு வாங்கி, பழைய வாத்தியங்களை ஒதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், அந்தக் கிட்டாரைக் கேட்டேன். வாழ்க்கையில் ஒருவரிடம் போய் எனக்கு இது வேண்டும் என்று நான் கேட்டது அதுவே முதல்முறை. கொடுத்துவிட்டார்கள். சென்னை போனபோது புதுத் தந்திகள் வாங்கினேன். இம்முறை ஒரு முனையிலிருந்து திருகு வரை அளந்து, ஒரு சாண் கூட்டிக்கொண்டுதான் போனேன். அளவு கச்சிதம்.

என்னிடம் ஒலிபெருக்கி கிடையாது. கிட்டாரின் தலையை மர பீரோவில் சாய்த்து வைத்தால் பீரோவே முனகும், அது போதும். நேற்று மாலை அப்படிச் சாய்த்து வைத்து அந்தச் சரணத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். அடிச்சுரத்தை மீட்டினேன். வந்து விழுந்தது, வயிற்றுக்குள், அக்கா சொன்ன இடத்தில்.

பழக்கத்தில் இடதுபக்கம் திரும்பினேன். ஆணியில் அந்தக் குட்டைக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்துத் தாளம் வந்து சேர வேண்டிய இடம். பீரோவின் முனகல் அடங்கும்வரை, தந்தியிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.