சாக்கால் மூடிய கடகம்

நாய்க்குட்டியைப் புதுவீட்டுக்குக் கொண்டுபோகும்போது, வழி தெரியாதபடி மூடிக் கொண்டுபோவதா, திறந்து கொண்டுபோவதா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பள்ளி விடுமுறைக்குக் கொடிகாமத்தில் மாமி, அதாவது அப்பாவின் தமக்கை, வீட்டில் நிற்கிறோம். மகளுக்கு மாமி தந்த குட்டியைப் பனையோலைக் கடகத்தில் படுக்கப் பழக்குகிறேன். இன்று மேலே சாக்கைப் போட்டதும், அந்தச் சாக்கு மணம் மூக்கில் ஏறியது.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். இதே வீட்டிலிருந்து அச்சுவேலிக்குச் சைக்கிளில் ஒரு குட்டியைக் கொண்டுபோனோம். அப்பா உழக்கினார். முன்னால் நான். பின்னால் அம்மா, மடியில் கடகத்துடன். குட்டி விடாமல் அழுதது.

“பாவமப்பா, சாக்கை எடுக்கிறன்,” என்றா அம்மா அப்பாவிடம்.

“எடுக்காதையும். வழியைப் பாத்தால் திரும்பி ஓடியிடும்.”

“கோவம் வந்தால் தமக்கை வீட்டை ஓடுற உங்களை மாதிரியோ?”

அம்மா சாக்கை எடுத்தே விட்டா. குட்டி தலையை நீட்டி, வழிநெடுகக் காற்றை மோந்துகொண்டு பேசாமல் வந்தது.

சில வருடங்களின் பின் போரால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, சனநெரிசலில் அந்த நாயைத் தவறவிட்டோம். நாங்கள் மாமி வீட்டுக்கு வந்து சில நாளில், அது வாசல் படலையில் வந்து நின்றது. அப்பா அதைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்று பார்த்த வழியா, சனத்தின் பின்னால் வந்ததா? யாருக்குத் தெரியும்.

“அம்மா, குட்டி அழுகுது,” என்கிறாள் மகள். சாக்கை எடுத்துவிட்டேன். இனி மூடமாட்டேன்.

வருகிற கிழமை ஓட்டோவில் மருதனார்மடத்திலுள்ள எங்கள் வீட்டுக்குப் போகவேண்டும். திறந்த கடகத்திலிருந்து குட்டி பாயாமல், பயப்படாமல் வர என்ன செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.