கடைசி வாங்கின் அடியில்

நகரசபை மண்டபத்தில் அந்தப் பார்சலை வைத்தவள் நான்தான்.

யுத்த காலத்தில், இந்த மலைநாட்டு ஊரை ஒரு பகல் முழுக்க வெறிச்சோடச் செய்தவள் நான். தெரியாமல் செய்யவில்லை. நாளைக்கே அப்படியொரு நாள் வந்தால் மறுபடியும் செய்வேன்! இவள் அழுது மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தால், இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் வாசிக்கிறீர்களா? சரி... கேளுங்கள்.

நான் அந்தச் சபையில் தேநீர் ஊற்றும் வேலை செய்தேன். அப்பா சபையின் தெருக்கூட்டும் தொழிலாளி. அவருடைய அப்பாவும் அதே வேலைதான். வெள்ளைக்காரன் காலத்தில் ஊரைச் சுத்தம் செய்கிறவர்களுக்கென்று ரயில் பாதைக்கு மேலே வரிசையாகக் கட்டிய ஒற்றையறை வீடுகளில், லயத்தில்தான் நாங்கள் எல்லோரும் பிறந்தோம். தேயிலைத் தோட்டத்து லயமென்றாலாவது கொழுந்து பறிக்க ஆள் தேவை என்று வைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்தப் பிடிமானமும் கிடையாது. சபை போ என்றால் போகவேண்டியதுதான்.

சண்டை வடக்கில் நடந்தது. பயம் மட்டும் எங்கள் ஊர்வரைக்கும் வந்துவிட்டது. குண்டு வைத்துவிடுவார்கள் என்று தெருவிலிருந்த குப்பைத் தொட்டிகளையெல்லாம் சபை அகற்றியது. குப்பை ரோட்டிலே குவிந்தது. அதை அள்ளப் போகும் அப்பாவை, விடியற்காலையில் கைகளைத் தூக்கச் சொல்லிச் சோதித்த பிறகே கடைத்தெருவுக்குள் விட்டார்கள்.

கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? சந்தைக் கூரை ஒழுகுவதைப் பேசுவார்கள். தெருநாய்களைப் பேசுவார்கள். பிறகு அதே குரலில், அதே தேநீரைக் குடித்தபடி, காவலரணுக்கு மணல் மூட்டை அடுக்குவதைப் பேசுவார்கள். எல்லாம் சிங்களத்தில்தான். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். தேநீர்க்காரிக்கும் காது உண்டு என்பது அவர்கள் எவருக்கும் தோன்றியதில்லை.

அப்படித்தான் ஒரு நாள் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. ரயில் பாதையைக் கண்காணிக்க இராணுவ முகாம் வேண்டுமாம். லயம் இருக்கும் மேடுதான் வசதியாம். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, லயத்தை இடித்துக் கொடுத்துவிடலாமாம். அங்கே இருக்கிறவர்கள்? தலைவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சொன்னார், "எங்காவது போவார்கள்" என்று!

இதை நான் ஒரேயொருவரிடம்தான் சொன்னேன். சபை நூலகத்தின் பொறுப்பாளர் யோகேஸ்வரி அக்காவிடம். யாழ்ப்பாணத்துக்காரர். தனியாக அறையெடுத்துத் தங்கியிருந்தார். பகல் சாப்பாட்டை நாங்கள் இருவரும் நூலகத்தின் பின்னறையில் பகிர்ந்துதான் உண்போம். என் எவர்சில்வர் பெட்டியிலுள்ள ரொட்டியும் கட்டசம்பலும் அவருக்கு உயிர். மூடி நசுங்கிய பெட்டி அது, திறக்க வராது. அவர்தான் கரண்டிக் காம்பை விட்டு நெம்பித் திறப்பார்.

"எங்க லயத்தப் புடுங்கப் போறாங்கக்கா. அம்மாவுக்கு நடக்கவே ஏலாது. எங்கனக்கா போறது?"

"அழாதையும் பிள்ளை. கூட்டம் நடக்கிற அண்டைக்கு நான் வந்து தலைவரோட கதைச்சுப் பாக்கிறன்."

பேசிப் பார்த்து அவர்கள் கேட்டுவிடப் போகிறார்களா? எனக்கு நம்பிக்கையில்லை. கூட்டத்தன்று காலையில் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கறுப்புப் பையில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, மண்டபத்தில் ஆட்கள் உட்காரும் மர வாங்குகளில் கடைசி வாங்கின் அடியில் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான்! அந்தக் காலத்தில் ஓர் ஊரைக் காலிசெய்ய அது போதும். கூட்டம் கலையும். பெட்டியைத் திறந்து பார்த்ததும், "ஐயோ, என்னோடதுங்க, மறந்து வச்சிட்டேன்" என்று தலையைச் சொறிவேன். ஏச்சு விழும். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

சந்தைக் கூரைப் பேச்சு முடிகிற நேரத்தில், ஓர் உறுப்பினரின் கால் அதில் இடித்தது. "பார்சல்!" என்று கத்தினார்.

எல்லோரும் என்ன செய்தார்கள்? எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்! குண்டு விழுவதை எங்களில் யாரும் கண்டதில்லையே. ஒரேயொருவர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. யோகேஸ்வரி அக்கா வாங்குகளுக்கு நடுவே குப்புற விழுந்து, இரு காதுகளையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தார். ஷெல் விழும் ஊரில் வாழ்ந்த உடம்பு... அது யாரையும் கேட்கவில்லை, தானாக விழுந்துவிட்டது.

இராணுவம் வந்து கடைகளை மூடவைத்து ஊரையே காலிசெய்தது. எங்களைச் சபை வளவில் வரிசையாக நிறுத்தினார்கள். சிப்பாய்கள் பையைத் தூரத்திலிருந்து கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். படியில் உருண்டு பெட்டி திறந்தது. ரொட்டி சிதறியது. சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிப் பிடித்தார்.

"மேக்க காகெத?"

இது யாருடையது என்று கேட்கிறார். நான் பேசவேண்டிய இடம் அதுதான். ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரே வாக்கியம்! என் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று என்னை நானே கேட்காத நாளில்லை. துப்பாக்கியைக் கண்ட பயமா? அம்மாவை நினைத்தேனா? இரண்டும்தான். ஆனால் உண்மை இன்னும் கேவலமானது: வேறு யாராவது மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு கணம்... ஒரேயொரு கணம் நினைத்தேன்.

அப்போது ஓர் உறுப்பினர் அக்காவைக் கைகாட்டினார். இந்த அம்மாதான் முதலில் படுத்தார், இவருக்கு எப்படித் தெரியும் என்றார். இப்படிப் படுக்க எங்கே பயிற்சி எடுத்தாய் என்று அதிகாரி அவரைக் கேட்டார். பெட்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அக்கா அதைப் பார்த்தார். அந்த நசுங்கிய மூடியை அவருக்குத் தெரியாதா? தினமும் திறந்தவர் அவரல்லவா! பெட்டியைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

"தன்னே நே, சேர்" என்றார். தெரியாது, ஐயா.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

தீர்மானம் நிறைவேறவில்லை. சபைக்கே ஆபத்து என்று சொல்லி, முகாமைச் சபை வாசலிலேயே போட்டுக்கொண்டார்கள். லயம் தப்பியது. இன்றைக்கும் நிற்கிறது, போய்ப் பாருங்கள். அம்மா லயத்தில் தன் காம்பிரா அறையிலேயே, தன் பாயிலேயே கண்ணை மூடினாள். என் அண்ணன் பிள்ளைகள் அங்கிருந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். இதற்காக நான் வெட்கப்படவேண்டுமா? மாட்டேன்!

அக்கா மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயார் இறந்துபோனார். என் தாய் தன் பாயில் கிடக்க, அவர் தாய்க்கு மகள் முகம்கூட இல்லை... அதை ஈடுகட்ட எந்த நியாயமும் என்னிடம் இல்லை. தேடியும் பார்த்துவிட்டேன்.

விடுதலையானதும் தன் சாமான்களை எடுக்க ஒருமுறை வந்தார். பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பொகவந்தலாவை பஸ்ஸுக்குப் பக்கத்தில் கொழும்பு பஸ் நின்றது. மெலிந்துபோயிருந்தார். நான் வாயெடுக்குமுன் அவரே கேட்டார்.

"லயத்தை உடைச்சுப் போட்டினமோ?"

"இல்லக்கா... உடைக்கல. எல்லாரும் அங்கனதான் இருக்கோம்."

"அது காணும்," என்றார். அவர்கள் பேச்சில் அது போதும் என்று அர்த்தம்.

அவருக்கென்று சுட்டுக் கொண்டுபோன ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கொழும்பு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்வரை முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னித்துவிட்டார் என்று சொல்லாதீர்கள். நானே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் யார் சொல்ல? அவர் கேட்டது லயத்தைப் பற்றி. என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மேக்க காகெத?

என்னுடையது, சேர். அந்தப் பெட்டி என்னுடையது.

பாருங்கள், எவ்வளவு சுலபமாக வருகிறது... கேட்கத்தான் இப்போது யாருமில்லை.